தென்னை மட்டை தீய்ந்த மாதிரி இருக்கிறதா? மருந்துக்கு முன் ஓலையைப் புரட்டுங்கள்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் போகிற வழியெல்லாம் மணலும் தென்னையும்தான். தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே வாசகம்: "தோப்புக்குத் தீ வச்ச மாதிரி இருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" பெரும்பாலும் அது கருந்தலைப்புழு. சாம்பல் நிறத்தில், விரல் நகத்தளவே இருக்கும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. புத்தகப் பெயர் ஒபிசினா அரினோசெல்லா. ஆனால் 'பெரும்பாலும்' என்று சொன்னேனே தவிர 'எப்போதும்' என்று சொல்லவில்லை. அந்த மிச்சத்தில்தான் காசு போகிறது.

நானே அப்படி ஒரு கோடையைத் தொலைத்தவன். தோப்பின் மேற்கு வரிசை முழுக்கக் காய்ந்திருந்தது. கடையில் காய்ந்த ஓலையைக் காட்டினேன், பூஞ்சாண மருந்து கொடுத்தார்கள். ஆள் வைத்து இரண்டு தடவை அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தேங்காய் வெட்ட வந்த பெரியவர் ஒரு மட்டையைத் தறித்துக் கீழே போட்டு, "மேலேயே பாத்துக்கிட்டு இருக்கீங்களே தம்பி, புரட்டிப் பாருங்க" என்றார். அடிப்பக்கம் முழுக்க நூலாம்படை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்தப் பெரியவர் சொன்னதைத்தான்.

கீழே மட்டை என்று நான் எழுதுவது முழு இலையை. ஓலை என்பது அதில் இரு பக்கமும் இருக்கும் தனித்தனி இலையை.

## முதல் சோதனை: செலவு இல்லை, பத்து நிமிடம்

தொரட்டியால் ஒரு மட்டையை இழுத்துப் போடுங்கள். முழுக்கக் காய்ந்த அடிமட்டை வேண்டாம். பாதி பச்சையும் பாதி காய்ச்சலுமாக இருப்பதுதான் பேசும். முழுக்கக் காய்ந்ததில் புழு தின்று முடித்துப் போயிருக்கும், வெறும் கூடுதான் கிடைக்கும். நான் ஏக்கருக்கு ஆறேழு மரம் பார்ப்பேன். தோப்பின் நாலு ஓரத்தில் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு மூன்று.

ஓலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான்கில் ஒன்று தெரியும்:

– ஈர்க்கை ஒட்டி நீளமாக நூல் கூடு, அதில் தேயிலைத் தூள் மாதிரி எச்சம்: அறிகுறி 1.
– ஒன்றும் இல்லை, ஓலை மட்டும் நுனியிலிருந்து காய்ந்திருக்கிறது: அறிகுறி 2.
– வெள்ளை மாவு வட்ட வட்டமாக, கீழ் மட்டையின் மேல்பக்கம் கரி பிடித்தாற்போல்: அறிகுறி 3.
– ஓலையே இல்லை, அல்லது கத்தரித்த மாதிரி இருக்கிறது: அறிகுறி 4.

## அறிகுறி 1: அடிமட்டை காய்கிறது, அடியில் நூல் கூடு இருக்கிறது

இது கருந்தலைப்புழுதான். சந்தேகம் வேண்டாம். ஆனால் உடனே எதையும் வாங்காதீர்கள். ஓர் ஈர்க்குக் குச்சியால் கூட்டை மெதுவாகக் கிழியுங்கள். பச்சை கலந்த பழுப்பு உடம்பும் நீளவாக்கில் கோடுகளுமாக, தலை மட்டும் கருத்த புழு சட்டென்று பின்னோக்கி ஓடும். இன்னும் சீண்டினால் துள்ளி விழும். முழுதாக வளர்ந்தது ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். இது ஓலையின் அடிப்பச்சையைத்தான் சுரண்டித் தின்னும், மேல்தோலை விட்டுவிடும். அந்த மேல்தோல் காய்ந்துதான் தூரத்தில் பார்க்கத் தீய்ந்த மாதிரி தெரிகிறது.

முட்டை 5 நாள், புழு 40 நாள், கூட்டுப்புழு 12 நாள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு மாதம். ஒரு தோப்பில் பெரும்பாலான புழுக்கள் ஒரே வயதில்தான் இருக்கும், கலந்து கட்டி இருப்பது குறைவு. ஆகவே கூட்டுக்குள் எது கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை.

கூடு இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. ஏழு மரத்திலும் இப்படியே என்றால் அந்தத் தலைமுறை பறந்துவிட்டது. இப்போது மருந்து அடித்தால் காற்றுக்கு அடித்த மாதிரி. பத்து நாள் கழித்து, அதற்கு மேலே இருக்கும் மட்டைகளில் பாருங்கள்.

நூல் மாதிரிச் சின்னஞ்சிறு புழு. அடிமட்டை இரண்டு மூன்றைத் தறித்து எரியுங்கள். ஒட்டுண்ணிக்கு, அதாவது இந்தப் புழுவில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிக்கு, சொல்லி வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

பாதி வளர்ந்த புழு. இதுதான் சரியான நேரம். ஒட்டுண்ணி விடலாம்.

பழுப்பு நிறக் கூட்டுப்புழு. புழுவைத் தேடும் ஒட்டுண்ணி இதற்கு உதவாது. கூட்டுப்புழுவைத் தாக்கும் பிரேக்கிமீரியா வேறு. அது கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறைப் புழு வரும் நாளைக் கணக்குப் போட்டுக் காத்திருங்கள்.

செத்துச் சுருங்கிய புழு, பக்கத்தில் கொத்தாக வெளிர்நிறச் சிறு கூடுகள். சில சமயம் எறும்பு போல ஒரு கருப்புக் குளவி அதன் பக்கத்திலேயே காவல் இருக்கும். பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுங்கள். உங்கள் தோப்பில் ஒட்டுண்ணி ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதைக் கொல்லாமல் இருப்பது மட்டுமே. பத்துப் புழுவில் மூன்று நாலு இப்படி இருந்தால் நான் எதுவும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

### செலவு வரிசை

முதலில் தறிப்பு. மோசமான அடிமட்டை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ஆத்திரத்தில் பத்து மட்டையை மொட்டையடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புழு தின்றதைவிட அரிவாள் தின்றது அதிகம். நன்றாக இருக்கும் மரத்தில் முப்பது, முப்பத்தைந்து மட்டை இருக்கும், புதிதாக மாதத்துக்கு ஒன்றுதான் விரியும். கணக்கு உங்களுக்கே தெரியும்.

தறித்ததை அங்கேயே எரித்துவிடுங்கள். நம் பக்கத்தில் மட்டையை வீணாக்க மனசு வராது, கீற்று முடைய ஆட்கள் வந்து கேட்பார்கள். புழு இருக்கும் மட்டையைப் பக்கத்து ஊருக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவதும் புழுவை அனுப்புவதும் ஒன்றுதான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி நன்றாக ஊறவைத்த பிறகு கொடுங்கள்.

அடுத்தது ஒட்டுண்ணி. பெத்திலிட் என்று கேளுங்கள், கோனியோசஸ் என்றாலும் தெரியும். மரத்துக்கு 20. பிரக்கோனிட் என்கிற இன்னொரு வகை என்றால் 30. இவற்றை ஆய்வகத்தில் அரிசி அந்துப்பூச்சியின் புழுவில் வளர்த்துக் குப்பியில் அடைத்துத் தருவார்கள்.

கடைசியில்தான் மருந்து. மேல்மட்டை வரை ஏறிவிட்டது, ஒட்டுண்ணி உடனே கிடைக்காது என்கிற நிலையில் மட்டும். அடித்தால் ஓலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். நாற்பது அடி மரத்தில் அது எவ்வளவு சாத்தியம் என்று நீங்களே யோசியுங்கள். இளங்கன்றில் முடியும். மருந்து அடித்தால் அப்புறம் மூன்று வாரம் ஒட்டுண்ணி விடக் கூடாது, விட்டதெல்லாம் செத்துப்போகும்.

வேர் வழியாக மருந்து ஏற்றுவது பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அதை நீங்களாகச் செய்யாதீர்கள். அதற்கு வழக்கமாகப் பயன்பட்டது கடும் விஷம். எது இன்று அனுமதிக்கப்பட்டது, எவ்வளவு என்பதை வேளாண்மை அலுவலர் எழுதித் தர வேண்டும். ஏற்றினால் 45 நாளுக்கு அந்த மரத்தின் இளநீரும் தேங்காயும் யாருக்கும் போகக் கூடாது. வீட்டை ஒட்டிய மரம் என்றால் பிள்ளைகள் இளநீர் பறிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 2: அடிமட்டை காய்கிறது, அடியில் நூலும் இல்லை, எச்சமும் இல்லை

புழு இல்லை. மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். எளியதில் இருந்து பாருங்கள்.

தண்ணீர். நம் மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அதற்குப் பிறகு மணல் இரண்டே வாரத்தில் வெறுமையாகிவிடும். மட்டை மரத்தோடு ஒட்டித் தொங்கி, எல்லா மரத்திலும் ஒரே மாதிரி காய்ந்தால் வறட்சி. பாத்தி கட்டி, உரிமட்டையைத் தோல்பக்கம் மேலே பார்க்கப் பரப்பி மூடுங்கள்.

கடல் காற்று. ஓலை நுனி மட்டும் கருகி, கடலைப் பார்த்த பக்கத்தில் அதிகமாக இருக்கும். தென்கடல் ஓரத்துத் தோப்புக்கு ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் வரும். வடகடல் ஓரத்துக்கு வாடையில் வரும். மறுபக்கம் பச்சையாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வேலி ஓரம் சவுக்கு இருந்தால் குறையும்.

உப்புத் தண்ணீர். இதைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். நம் மணலில் நல்ல தண்ணீர் மேலாக மிதக்கிறது, அதன் அடியில் உப்பு. கையால் இறைத்த ஊற்றில் பிரச்சினை இல்லை. அதே இடத்தில் ஆழமாகக் குழாய் இறக்கி மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டினால் அடித்தண்ணீர் ஏறிவிடும். மோட்டார் போட்ட உடனே ஒரு வாய், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் நாக்குக்கே தெரிந்தால் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்கி, நாளைக்கு இரண்டு தடவையாகப் பிரியுங்கள். இரண்டு தடவையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து மண், நீர் பரிசோதனைக்குக் கொடுத்தால் கணக்காகத் தெரியும்.

பொட்டாஷ் குறைவு. அடிமட்டை ஓலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள், அப்புறம் ஓரம் காய்வது. மணலில் சாம்பல் சத்து நிற்காது, மழையோடு இறங்கிவிடும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடம் 2 கிலோ பொட்டாஷ் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஒரே தடவையில் கொட்டாதீர்கள், இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்.

நாலும் இல்லை, ஆனால் அடிமரத்தில் பழுப்பு நிறச் சாறு வடிகிறது என்றால் அங்கேயே நிறுத்தி அலுவலரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: கீழ் மட்டைகள் கருப்பாக, கரி தடவியது போல்

சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்தது, இப்போது எங்கும் இருக்கிறது. மேல் ஓலையின் அடியில் ஈ உட்கார்ந்து தேன் போல் கழிக்கிறது, அது கீழ் ஓலையில் விழுந்து அதில் கரும்பூசணம் பிடிக்கிறது. பார்க்கத்தான் பயங்கரம். மருந்து வேண்டாம். அதைத் தின்னும் என்கார்சியா குளவியைத்தான் மருந்து முதலில் கொல்லும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கரியை உரிக்க லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கரைசல் தெளித்தால் காய்ந்து செதிலாக உதிரும்.

## அறிகுறி 4: ஓலையே காணோம், அல்லது வெட்டுப்பட்டிருக்கிறது

விரிந்த மட்டை விசிறி மாதிரி கத்தரித்திருந்தால் காண்டாமிருக வண்டு. குருத்தில் ஓட்டை இருக்கும். எருக்குழியைப் பாருங்கள், அங்கேதான் குடும்பம் நடத்துகிறது.

ஈர்க்கு மட்டும் மிஞ்சி ஓலை முழுக்கத் தின்னப்பட்டிருந்தால் நத்தைப்புழு. இதுவும் அந்துப்பூச்சி வகைதான், ஆனால் உடம்பெல்லாம் முள். வெறும் கையால் தொட்டால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. மரம் ஏறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் ஏற்றுவது பாவம்.

## "ஒட்டுண்ணி விட்டேன், குறையவே இல்லை"

எனக்கு வருவதில் அதிகம் வாதம் நடக்கும் புகார் இது. ஒட்டுண்ணி ஏமாற்று வேலை என்று முடிவு கட்டியவர்களிடம் நான் கேட்கும் கேள்விகள் வரிசையாக:

எங்கே விட்டீர்கள்? "மேலே ஏறி குருத்துப் பக்கம்" என்பார்கள். அங்கே சிலந்தியும் கொலைகார நாவாய்ப்பூச்சியும் காத்திருக்கின்றன. குப்பியைத் திறந்ததும் அவற்றுக்கு விருந்து. அடிமரத்தில், கையெட்டும் உயரத்தில் விட்டால் அது தானாக ஏறித் தேடிக்கொள்ளும். ஏறுகூலியும் மிச்சம். மரத்தில் எறும்பு சாரை போனால் பக்கத்து மரத்தில் விடுங்கள்.

எப்போது விட்டீர்கள்? உச்சி வெயிலில் குப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனவரை எனக்குத் தெரியும். காலை அல்லது சாயங்காலம், மழை இல்லாத நாள்.

குப்பியில் என்ன நிலையில் இருந்தது? பொரித்து இரண்டு மூன்று நாள் ஆகி, தேன் குடித்து, இணைசேர்ந்த பூச்சிதான் வேலை செய்யும். குப்பிக்குள் ஒரு துளி தேன் தடவியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். உங்கள் தோப்பிலேயே எடுத்த புழு எச்சம் கொஞ்சத்தை உள்ளே போட்டு வைத்தால் அந்த மணத்துக்குப் பழகிக்கொள்ளும்.

புழு எந்த வயதில் இருந்தது? மேலே சொன்னதுதான். கூட்டுப்புழுக் காலத்தில் விட்டால் தேடிப் பார்த்துவிட்டுச் செத்துப்போகும்.

எத்தனை தடவை? ஒரு தடவையோடு விட்டால் போதாது. தை மாதமே தொடங்கி, வெயில் முடியும் வரை இடைவெளி விட்டு விடுவதுதான் முறை. பங்குனியில் தோப்பு சிவந்த பிறகு ஓடுவது தாமதம்.

பக்கத்துத் தோப்பில் என்ன அடித்தார்கள்? இதற்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போய் அண்ணன், மாமா என்று பேசித்தான் ஆக வேண்டும்.

## "எல்லாம் செய்தேன், மட்டை இன்னும் பச்சையாகவில்லை"

ஆகாது. புழு சுரண்டிய ஓலை திரும்பப் பச்சையாவதே கிடையாது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டு மாதத்துக்கு முந்தைய சேதம்தான் தெரிகிறது. குருத்தை ஒட்டிய மேல் மட்டைகளைப் பாருங்கள். அவற்றின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் வேலை முடிந்தது. நான் ஒட்டுண்ணி விட்ட அன்றே மேல் மட்டை ஒன்றில் துணி கட்டி வைப்பேன். அதற்கு மேல் விரிவதில் கூடு இல்லையென்றால் ஜெயித்தோம்.

மரம் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும், காய்ப்பும் அப்படித்தான். கடுமையாகத் தாக்கிய தோப்பில் அடுத்த வருடக் காய் 45 சதவீதம் வரை குறையும் என்று காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் உரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிடாதீர்கள். காய் இல்லையே என்று உரத்தை நிறுத்துகிற ஆள்தான் அதிகம்.

## "போன வருடம் போச்சு, இந்த வருடம் மறுபடி வந்துவிட்டது"

பனையைப் பார்த்தீர்களா? இந்தப் புழு பனை ஓலையிலும் இருக்கும். நம் ஊரில் தென்னை இல்லாத வேலி உண்டு, பனை இல்லாத வேலி கிடையாது. தென்னையில் எல்லாம் செய்துவிட்டு, வரப்புப் பனையின் கீழ் ஓலையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. கூடு இருந்தால் அடியோலைகளைக் கழித்து எரியுங்கள், ஒட்டுண்ணி விடும்போது பனைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பனையை வெட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த இடம், கொட்டகை ஓரம் அடுக்கி வைத்த பழைய மட்டை.

## காயிலும் சுரண்டல் தெரிகிறது

குலையை ஒட்டிய ஓலைகளில் கூடு நிறைய இருந்து, பச்சைக் காயின் மேல்தோல் சுரண்டியிருந்தால் புழு தின்ன ஓலை போதாமல் காய்க்கு வந்துவிட்டது. இது கடைசிக் கட்டம். காயின் தொப்பிக்குக் கீழே முக்கோணமாக வெளுத்து, பிறகு பழுப்பாக வெடித்திருந்தால் அது ஈரியோபைட் சிலந்தி. அந்துப்பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

குருத்து வாடிச் சாய்ந்தாலோ, தண்டில் ஓட்டையும் மென்ற நாரும் தெரிந்தாலோ, காதை வைத்தால் உள்ளே கரகர என்றாலோ அன்றே கூப்பிடுங்கள். அது சிவப்புக் கூன்வண்டு, தாமதித்தால் மரம் போய்விடும்.

கருந்தலைப்புழுவுக்கு: பாதிக்கு மேல் மட்டைகளில் கூடு, அல்லது சுற்றிலும் நாலைந்து தோப்பில் ஒரே நேரம், அல்லது இரண்டு தடவை ஒட்டுண்ணி விட்டும் மேல் மட்டையில் புதுக் கூடு. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தனியாக மல்லுக்கட்டாமல் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து கேட்டால் ஒட்டுண்ணி ஏற்பாடு சுலபமாக நடக்கும். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உப்புத் தண்ணீர்க் கேள்வி என்றால் அங்கேதான் போக வேண்டும். போனில் கேட்க உழவர் அழைப்பு மையம் (கிசான் கால் சென்டர்) 1800 180 1551.

வெறுங்கையோடு போகாதீர்கள், போட்டோவும் போதாது. பாதி காய்ந்த ஓலை ஐந்தாறை ஈர்க்கோடு வெட்டி, கூடு கலையாமல் பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி, எந்த மரம் எந்த வரிசை என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். பையை வண்டி டேங்க் மேல் வைக்க வேண்டாம், போய்ச் சேருவதற்குள் புழு வெந்துவிடும்.